கோணல் கோடு

"நாலு கார்ட்டூன் படத்துக்கும் ஒரே காலவரிசையா? கதை விடாதே! நிரூபிக்கலேன்னா நம்ம ரசிகர் தளத்துலேருந்து உன் வரிசையைத் தூக்கிடுவோம்" என்றான் கண்ணாடிக்காரன். வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த ரசிகர் கூட்டம் சிரித்தது. டீ கொண்டுவந்த அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எல்லாத்துலயும் சமையலறைக் கதவு நிலையில பென்சில் கோடு இருக்கு. படகுப் படத்துல நாலு, நிலாப் படத்துல ஏழு. கோடு கூடக் கூட வருஷமும் கூடுது" என்றாள் மகள்.

"வருஷக் கணக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் எல்லோரையும் சமையலறைக்கு இழுத்துப்போனாள். கதவு நிலையில் ஏழு கோடுகள். திரையில் பார்த்தது போலவே மூன்றாவது மட்டும் கோணல்.

"என் உயரம், வருஷத்துக்கு ஒரு கோடு. மூணாவது போட்ட அன்னிக்கு நிக்காம ஆடிட்டேன். அந்தப் படங்களுக்குப் பின்னணி வரைஞ்சது எங்கம்மா. எட்டாவது கோடு போட அவங்க இல்ல."

கண்ணாடிக்காரன் மடிக்கணினியைத் திறந்தான். "வரிசைக்கு மேல அவங்க பேர்தான் வரணும். சொல்லுங்க அங்கிள்."

எந்தப் படத்திலும் போடாத அந்தப் பெயரை, அப்பா நிமிர்ந்து நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னார்.