சாதா ஸ்டீல் போதும்

"கடைக்குள்ள போனதும் நான் அசடு வழிய ஆரம்பிச்சா, யோசிக்காம என் காலை மிதிச்சுடு" என்றார் அவர், கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்.

"மிதிச்சுடறேன் அத்தான்" என்றான் மைத்துனன்.

அவனைக் கூடவே அனுப்பி வைத்ததே அவன் அக்காதான். புருஷனைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அத்துப்படி. பல் விளக்க பிரஷ் வாங்கப் போனவர் ஒருமுறை உடற்பயிற்சி சைக்கிளோடு வந்து இறங்கினார். அந்த சைக்கிளில் இப்போது துண்டு காய்கிறது.

இந்தத் தடவை பேச்சு கறாராக இருந்தது. ஐம்பது வயதாகிறது, ஆசைப்பட்டபடி முதல்முதலாக ஒரு பெரிய கம்பெனி வாட்ச் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இருப்பதிலேயே சாதா ஸ்டீல்தான், அதுவும் அவளே படம் பார்த்துக் குறித்துக் கொடுத்தது. மீதிப் பணம் சமையலறைக்கு. அங்கே அலமாரியைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடுகிறது. இரண்டு வருடமாகப் பொறுத்தவள் இனிமேல் பொறுக்க மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாள் முழுக்க நின்றுகொண்டே பேசுகிற தொழில் அவருக்கு. நூறு பேர் முன்னால் மணிக்கணக்கில் முழங்குவார். ஒரே ஒரு கடைக்காரர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே சாம்பல் நிறக் கோட் போட்ட விற்பனைப் பெண் அவரைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சாதா ஸ்டீல் போதும் என்று அவர் ஒப்பித்தார். அவளும் மறுபேச்சில்லாமல் அதையே எடுத்து வைத்தாள். அவர் கையிலிருந்த பழைய வாட்சைத் தானே கழற்றி, வெல்வெட் தட்டில் பூப்போல வைத்தாள்.

"நல்லா உழைச்சிருக்கு சார், உங்களை மாதிரியே."

வீட்டில் ஒருத்தர்கூட அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அது மிக்சி வாங்கியபோது இலவசமாக வந்த வாட்ச் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சாதா ஸ்டீல் அவர் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றியது. கண்ணாடியில் பார்த்தார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது. வாட்சில் ஒரு குறையும் இல்லை, கைதான் சரியில்லை என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றினால் சரியாகிவிடும் என்றாள் அவள். சொல்லிக்கொண்டே இன்னொரு பெட்டியைத் திறந்தாள். இதை வாங்க வேண்டாம், ஒரு வித்தியாசம் தெரிவதற்காகக் கட்டிப் பாருங்கள் என்றாள். நீல முகப்பு, தோல் பட்டை. கட்டிவிட்டு, காப்பி கொண்டு வருகிறேன் என்று போனவள் பத்து நிமிடம் திரும்பவே இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் ஏழு தடவை மணி பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டார். யாரும் கூப்பிடாமலே போனைக் காதில் வைத்துப் பார்த்தார். காலை மிதிக்க வந்த மைத்துனன், அத்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தான்.

காப்பி வந்தது. கேட்ட பிறகுதான் அவள் விலையைச் சொன்னாள். மைத்துனனுக்குப் புரையேறியது. சமையலறை மொத்தமும் அந்த விலைக்குள் அடங்கியிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுப் பட்டையைக் கழற்றப் போனார்.

"ஒண்ணு சொல்லலாமா சார்? இத்தனை வருஷம் மத்தவங்க நேரத்துக்குத்தான் ஓடியிருப்பீங்க. உங்க நேரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

யாரோ தன் மனதுக்குள் புகுந்து, தன் வார்த்தையையே எடுத்துப் பேசுவது போல் இருந்தது அவருக்கு. கண் கலங்கிவிட்டது. பட்டையில் இருந்த விரல் அப்படியே நின்றது.

"ஆனா இன்னைக்கு வாங்காதீங்க" என்றாள் அவள். "வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க. இது ஒண்ணுதான் இருக்கு, இருந்தாலும் பரவாயில்ல."

வாங்காதே என்று சொல்கிற கடைக்காரியை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இப்படிப்பட்ட நேர்மைக்கு மரியாதை செய்யாதவன் மனுஷனே இல்லை என்று தோன்றியது. மைத்துனன் சுதாரித்துக்கொண்டு காலை மிதித்தபோது, கார்டு மெஷினுக்குள் போய் வெளியே வந்துவிட்டது.

ரசீது கைக்கு வந்த பிறகுதான் அலமாரிக் கதவு நினைவுக்கு வந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்ட மைத்துனனுக்கு முகமே வெளுத்திருந்தது. தன்னைப் போல ஒரு ஏமாளி விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்று புலம்பிக்கொண்டே அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உனக்கு இப்படிப் பேசக் கத்துக்கொடுத்தது யாரும்மா? அந்தப் பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

அவள் வாட்ச் பையை அவர் பக்கம் பணிவாக நகர்த்தி வைத்தாள்.

"நீங்கதான் சார். போன வருஷம் நாலு கடை ஆளுங்களை ஒரே ஹால்ல உட்கார வெச்சு விற்பனைப் பயிற்சி கொடுத்தீங்க, அப்ப நான் செருப்புக் கடையில இருந்தேன், என்னை ஃபெயில் பண்ணிட்டீங்க. 'என்கிட்டயே ஒரு பொருளை வித்துக் காட்டு, பாஸ் போடறேன்'னு சொன்னீங்க. இப்பப் போடுவீங்களா சார்?"