படத்தில் ஓர் இட்லிக் கடை

காலை ஆறு மணிக்கு ராஜ்மோகன் ஈரத்துணியால் சுவர்ப் படத்திலிருந்த அந்த இட்லிக் கடையை அழித்தார். நேற்றும் அழித்ததுதான். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அடுப்புக்கரியால் மறுபடி வரைந்து வைத்திருந்தார்கள்.

சுவர் முழுக்க அவர் தீட்டிய பழைய காரைக்கால். பிரெஞ்சுக்காரர் காலத்து இதே தெரு. குதிரை வண்டி, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், மீன்கூடைப் பெண்கள், ஒரு வாதாமரம். ஒரு மாத வேலையில் ராஜ்மோகனுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

எதிரே, நிஜ வாதாமரத்தடியில் இட்லி விற்கும் காசியம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கரி.

"நீங்கதானா அது?"

"நான்தான் தம்பி. மரத்த போட்டீங்க. அடியில கடையையும் போட்டுருங்களேன்."

"அப்ப ஏதும்மா உங்க கடை? நீங்களே பொறக்கலயே."

மரத்துக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் போட்டிருக்கும் அஸ்கர் சிரித்தார். "வெள்ளக்காரன் கால்சட்ட கிழிஞ்சா யாருகிட்ட வந்திருப்பான்? எங்க வாப்பாவோட வாப்பாகிட்டதானே? என் மிஷினையும் ஓரமா போடுங்க சார்."

ராஜ்மோகனுக்குச் சலிப்பாக வந்தது. இந்தத் தெருவில் படத்துக்குள் ஏற ஆசைப்படாதவரே இல்லை. பழக்கடை, சைக்கிள் கடை எல்லோரும் கேட்டாயிற்று. அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் வரக் கூடாது என்று வேலை கொடுத்த நகராட்சி இன்ஜினீயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் ஒரு மாதம் காசியம்மா கையால் சாப்பிட்டது. மனசு கேட்கவில்லை.

"சரி, மீன்காரங்களோட உங்க முகத்தையும் வச்சிடுறேன். போதுமா?"

"என் மூஞ்சி எதுக்கு தம்பி? கடைய மட்டும் போடுங்க."

"அது முடியாதும்மா."

காசியம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கெல்லாம் ராஜ்மோகன் கடைசி வார்னிஷை அடித்து முடித்தார். படத்து மரத்தடியில் வெறும் நிழல். இன்ஜினீயர் வந்தார், கை குலுக்கினார், மூலை மூலையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ராஜ்மோகன் கை கழுவத் திரும்பினார். காசியம்மா எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அஸ்கர் மிஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, வியாபார நேரத்துல எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?"

காசியம்மா நிமிரவில்லை.

"இந்தப் படத்துல இல்லாத கடையெல்லாம் நாளைக்குத் தெருவுலேர்ந்து எடுத்துருவாங்களாம் தம்பி."