உப்புக்கு இரண்டு கோடு

பாலிஷ் மெஷினை நிறுத்தியதும் அந்தம்மாவின் கை மறுபடியும் கல்லுக்கு வந்துவிட்டது.

காலையிலிருந்து இதே கதைதான். நான் ஒரு பக்கத்தைத் தேய்த்து முடித்துத் தண்ணீரைத் துடைப்பேன். அவர் வந்து விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். திரும்பிப் போவார். குறை கண்டுபிடிக்க மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விரலால் குறை தேடுகிறவர் இவர் ஒருவர்தான்.

எனக்கோ தெம்பே இல்லை. மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. முழங்கால், உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்றது, எழுந்தால் உட்கார மாட்டேன் என்றது. ஆசைப்பட்டு மார்பிளில் சமையல் மேடை போட்டுவிட்டு, அதன் மேலேயே எலுமிச்சம்பழம் நறுக்குகிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அவர்கள் நறுக்காவிட்டால் என் வீட்டில் உலை கொதிக்காது.

அடுப்புக்கு இடப்பக்கம் எலுமிச்சை அரித்து, உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரப்பு. தொட்டியோரம் வினிகர் பாட்டில் நின்ற வட்டம். சுவரோரம், உப்பு ஜாடி நின்று நின்று கல்லே பொரிந்துபோன ஒரு பள்ளம். மூன்றும் தடயமில்லாமல் போக வேண்டும். அதுவும் சாயங்காலத்துக்குள்.

சாயங்காலம் அந்தம்மாவின் தங்கை வருகிறாள். போன தடவை இந்தக் கறைகளைப் பார்த்துவிட்டு, உன்னால் இனிமேல் தனியாக முடியாது அக்கா, அடுத்த தடவையும் இப்படியே கிடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு உன்னைக் கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். காலையில் கதவைத் திறந்ததுமே அந்தம்மா இதைத்தான் சொன்னார். பாலிஷ் போட வந்தவனிடம் சொல்லுகிற அளவுக்குப் பயந்திருந்தார்.

உப்பு ஜாடியின் பள்ளம்தான் கடைசி. கல் தேய்க்கிற முரட்டுப் பேடில் ஆரம்பித்து, நைஸ் பேடுக்கு வந்து, பவுடர் போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். ஜன்னல் அப்படியே கல்லுக்குள் தெரிந்தது.

அந்தம்மா வந்து தடவினார். விரல்கள் சுவர்வரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி."

இதற்குமேல் நான் என்ன செய்வது? கதவோரம் போய் உட்கார்ந்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் டீக்குத் தண்ணீர் வைத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

டீ ஊற்ற ஒரு கையில் டம்ளர். இன்னொரு கையால் கல்லைத் தடவிக்கொண்டே வந்தார். எலுமிச்சை அரித்திருந்த இடம் வந்தது. கை நிற்கவில்லை. நேரே அடுப்புவரை போய், சூடு பட்டு, பதறித் திரும்பியது. டம்ளரைக் கொண்டுபோய்க் கல்லுக்கு வெளியே, வெறும் காற்றில் வைத்தார்.

விழுந்த சத்தத்தில் நான் எழுந்து நின்றேன். "ஒண்ணுமில்ல தம்பி" என்று சிரித்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொரசொரப்பு வந்தால் அடுத்தது அடுப்பு. வட்டம் வந்தால் தொட்டி. பள்ளம் வந்தால் உப்பு. நான் ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, அந்தம்மா வந்து தொட்டுப் பார்த்து வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கறை இருந்தால் வீடு போய்விடும். கறை போனால் சமையலறை போய்விடும்.

"வெளிச்சம் மட்டும்தான் தெரியுது தம்பி. தங்கச்சிக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

அடுப்பை அணைத்தேன். கண் தெரியாதவரை நெருப்போடு தனியாக விட்டுவிட்டுப் போவதா? தங்கையிடம் போட்டுக்கொடுத்து வீட்டைவிட்டுக் கிளப்புவதா? எது சரி என்று சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்தது கல் ஒன்றுதான்.

பையிலிருந்து அரத்தை எடுத்தேன். முழங்காலைத் திட்டிக்கொண்டே மண்டியிட்டு, மேடை விளிம்புக்கு அடியில், பார்வை படாத இடத்தில் கீறினேன். அடுப்புக்கு நேரே ஒரு கோடு. உப்புக்கு இரண்டு. தொட்டிக்கு மூன்று. அவர் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன். மூன்றும் தொட்டு முடிந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

தங்கை வந்தாள். கையில் பெரிய பெட்டி. காலிப் பெட்டி என்பது அது ஆடிய ஆட்டத்திலேயே தெரிந்தது. நேரே சமையலறைக்கு வந்து, குனிந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். கல்லில் தன் முகம் தெரிந்ததும் நிமிர்ந்தாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கேக்கா!"

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ போடுகிறேன் என்று நகர்ந்தார். விரல்கள் விளிம்புக்கு அடியில் ஊர்ந்து போய், ஒற்றைக் கோட்டில் நின்றன. அடுப்பு பற்றிக்கொண்டது. எனக்கு உயிர் வந்தது.

தங்கை சுவரோரம் மேடையில் சாய்ந்தாள். அவள் விரல்களும் விளிம்பை வளைத்துப் பிடித்தன. பிடித்தவை இரண்டு கோட்டின் மேலேயே நின்றுவிட்டன.

என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். அது அடுத்த கோட்டைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. அது நகர்ந்த தூரம் முழுவதும் தங்கையின் கண்களும் கூடவே நகர்ந்தன.

துடைப்பதற்காக நான் உப்பு ஜாடியை ஜன்னல் பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். தங்கை சத்தமில்லாமல் அதை எடுத்து வந்து, இரண்டு கோட்டுக்கு நேர் மேலே வைத்தாள்.

"நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்க்கா" என்றாள். "மாத்திக்கத் துணிகூட எடுத்துட்டு வரல. உன்னோடது ஒண்ணு குடு."