ஏழுக்குக் கீழே மூன்று

"உங்க வயசு மட்டும் தாள்ல இல்லீங்ணா."

"ரேசன் கார்டுல அம்பத்திரண்டுங்க அம்மிணி. அதையே போட்டுக்குங்க."

பட்டியல் போட வந்த பெண்ணின் விரல்கள் மடிக்கணினியில் மேலே ஓடின. திரையில் இரண்டாவது கட்டத்துக்குள் ஐம்பத்திரண்டு விழுந்தது. தட்டினாள். கட்டத்தின் பக்கத்திலிருந்த இரண்டு என்ற எண் ஏழாக மாறியது.

அதற்குள் அவளுக்குப் போன்.

"இதோ, மூணு மணிக்குள்ள அனுப்பிடறேன் சார்."

தொழிலாளர் சங்கத்துக் கொட்டகையில் மின்விசிறி ஓடவில்லை. அவளுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

செங்கோடன் அவளுக்குப் பின்னால் நின்றார். முப்பது வருஷம் கல்லுடைக்கும் கிரஷருக்குக் கல் ஏற்றியவர். வேலை தெரிந்த கையைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மவுஸை அவள் தொடவே இல்லை.

காலையில் வந்ததும் ஐந்தே ஐந்து பேரின் விவரத்தைக் கணினிக்குள் விட்டுப் பார்த்தாள். ஐந்தும் சரியாக வந்த பிறகுதான், முதலிலிருந்து தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டு பேருடையதையும் விட்டாள்.

ஒரு கட்டத்தில் ஒரு வேலை. ஒன்று தப்பினால் அதை மட்டும் திருத்தி, அதை மட்டும் ஓட்டினாள். கிரஷரில் ஒரு கல் சிக்கினால் பெல்ட்டே நின்றுபோகும். பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இங்கே எதுவும் நிற்கவில்லை.

கட்டத்துக்குக் கட்டம் நடுவே, என்ன செய்தாள், எதற்குச் செய்தாள் என்று தமிழில் ஒரு வரி. அதை மட்டும் அவரால் படிக்க முடிந்தது. நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவர்.

கடைசி வரியை மெல்லப் படித்தார்.

தூசி ஏறிய நெஞ்சுகள்.

போன வாரம் எல்லோரையும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். வயசுக்கு ஏற்ற மூச்சு இல்லாதவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். அவர்களுக்கு இனி கிரஷர் இல்லை. மருந்துதான்.

முப்பத்தெட்டுப் பெயர்கள்.

மேலிருந்து கீழே போனார். கீழிருந்து மேலே வந்தார். தன் பெயர் இல்லை.

"செங்கோடண்ணனுக்கு நெஞ்சும் கல்லுதானாட்டம் இருக்குது. தூசி மோதிப் பாத்துட்டுத் திரும்பி வந்துருச்சு" என்றாள் கூடக் கல் சுமக்கும் பாவாயி. பட்டியலில் அவள் ஐந்தாவது.

அவர் சிரித்தார். சிரிப்போடு இருமல் வந்தது. அதை விழுங்கினார்.

போய்விட்டிருக்கலாம். கால் நகரவில்லை. அந்தக் கட்டங்களை இன்னும் ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"பக்கத்துல நெம்பர் எதுக்குங்க அம்மிணி?"

"எது மொதல்ல ஓட்டினது, எது அப்பறம்னுங்ணா." பட்டியலை அனுப்பத் திறந்துகொண்டே சொன்னாள்.

ஒன்று. அதன் கீழே ஏழு. அதன் கீழே மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

அவருடைய பெயர் செ-யில் தொடங்குகிறது. எழுதும்போது கொம்பு முதலில் வரும். படிக்கும்போது ச முதலில் வரும். வகுப்பில் ஒரு மாதம் அந்த ஓர் எழுத்திலேயே கிடந்தார். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் முன்னே எது, பின்னே எது என்றுதான் கண் போகும்.

"ஏனுங்க அம்மிணி, ஏழுக்குக் கீழ மூணு இருக்குதே. இதும் கொம்பு மாதிரிங்களா? முன்னால எழுதிப்போட்டுப் பின்னால படிக்கறது?"

அவள் கை நின்றது.

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"வயச மேல சேத்துனேன். கீழ மறுபடி ஓட்டல." குரல் இறங்கியது. "இந்தப் பட்டியல் அதுக்கு முந்தி வந்ததுங்ணா. இது உங்கள இன்னும் பாக்கவே இல்ல."

கணினி அதுவரை செய்ததையெல்லாம் மறக்கச் செய்தாள். முதலிலிருந்து ஓட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நூல் பிடித்துக் கல் அடுக்கிய மாதிரி.

முப்பத்தொன்பது.

அவள் திரையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினாள். அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

யாரும் படித்துச் சொல்லவில்லை. கொம்பைக் கண்டார். அதைத் தாண்டிப் போய் ச-வைப் பிடித்தார். பிறகு ஒவ்வொன்றாக, கடைசிப் புள்ளி வரை.

பாவாயி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டு ஐம்பது. அந்தப் பெண்ணின் விரல் அனுப்பும் பொத்தானின் மேல் அப்படியே இருந்தது.

"இப்ப வரிசை செரிங்களா?"

"செரிங்ணா."

"அப்ப அனுப்புங்க அம்மிணி."