இருபத்தேழு டிகிரி

"ஏன்னா, கரண்ட் போயிடுத்து. தொட்டித் தண்ணி முப்பது காட்டறது."

நந்தனம் ஆபீசில் போனைப் பிடித்திருந்த ஸ்ரீவத்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முப்பதா? எப்போ போச்சு?"

"நீங்க கிளம்பின கையோட. டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுடுத்தாம். வர சாயங்காலம் ஆகுமாம்."

அடையாறு ஃப்ளாட்டில் ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுக்க அவருடைய கடல்நீர்த் தொட்டிதான். உள்ளே உயிருள்ள பவளங்கள், ஆறு கோமாளி மீன்கள். தண்ணீர் இருபத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாது. வெள்ளை டியூப் எட்டு மணி நேரம், நீல டியூப் பத்து மணி நேரம் எரிய வேண்டும். வீட்டுக்கு ஏசி வந்ததே பவளத்துக்காகத்தான். அந்தக் குளிர் மனைவி சாருலதா மேலும் பட்டது அவளுடைய அதிர்ஷ்டம்.

"வெளிச்சம் ஒரு நாள் இல்லேன்னா பவளம் தாங்கும், சாரு. சூடு தாங்காது. ஐஸைக் கவர்ல போட்டு, வாயை இறுக்கிக் கட்டி மிதக்க விடு. ஒரு சொட்டு தண்ணியில கலக்கப்படாது, உப்பு குறைஞ்சுடும். சொம்பால மொண்டு மொண்டு ஊத்திண்டே இரு. அதுகளுக்குக் காத்து வேணும்."

"ஃப்ரிட்ஜ்ல ரெண்டு ட்ரேதான் இருக்கு. அதுவும் உருகிண்டிருக்கு."

"கடையில வாங்கேன்."

"தெரு பூராவும் கரண்ட் இல்லே. கடையில மட்டும் ஐஸ் இருக்குமா?"

எதிரே ஆடிட்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஓட முடியாது. இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. மூன்று மணிக்கும் எடுக்கவில்லை. எல்லாம் செத்துவிட்டது, சொல்லப் பயந்துகொண்டு எடுக்காமல் இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். இரண்டு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தது. ஆடிட்டர் எழுந்ததும் கிளம்பிவிட்டார்.

நாலு மணிக்கு ஸ்கூட்டர் ஃப்ளாட் கேட்டுக்குள் நுழையும்போதே நாற்றம் குடலைப் பிடுங்கியது.

மாடிப்படி ஓரம் மீன்காரி தேசம்மா கூடையை இறக்கி வைத்திருந்தாள். கீழ் வீட்டு ஜவஹர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீங்களே பாருங்க, செக்ரட்டரி சார். ராத்திரி வீட்டுக்கு விருந்தாளி வராங்க. வஞ்சிரம் கொண்டாரேன்னு சொல்லிட்டு, கூடையைத் தொறந்தா இந்த நாத்தம்."

"இத்த வாங்காத சார், கெட்டுப்பூட்ச்சின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் தேசம்மா.

ஸ்ரீவத்சன் மீனை வளர்ப்பவரே தவிர சாப்பிடுபவர் அல்ல. மீன்கூடை ஃப்ளாட்டுக்குள் வருவதே அவருக்குப் பிடிக்காது. ஃப்ளாட் சங்கத்துச் செக்ரட்டரியானாலும், ஜவஹர் போல நாலு வீட்டுக்காரர்களின் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். தொட்டி போன துக்கம் முழுவதும் இப்போது அவள் மேல் திரும்பியது.

"மே மாச வெயில்ல ஐஸ் இல்லாம மீனைத் தூக்கிண்டு வருவியா?"

"காத்தால ஐஸ் போட்டுத்தான் சார் கொண்ணாந்தேன். இப்ப இல்ல."

"மனுஷா குடியிருக்கற இடமா, சுடுகாடா இது? நாளைலேர்ந்து இந்தக் கேட்டுக்குள்ள நீ கால் வைக்கப்படாது. செக்ரட்டரியா சொல்றேன்."

தேசம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"இந்த நாலு வீட்ட நம்பித்தான் சார் இந்தாண்ட வந்துகினுகீறேன்."

"அதை ஒழுங்கா மீன் விக்கறவ சொல்லணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய வியர்த்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி சார். நீ மொதல்ல மேல போய்ப் பாரு."

என்ன திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். தொட்டியைச் சுற்றி ஈரக் கோணி. தண்ணீரில் புடைத்த பாலிதீன் கவர்கள் ஏழெட்டு மிதந்தன. அவற்றுக்கு நடுவில் ஆறு கோமாளி மீன்களும் ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன.

தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார். இருபத்தேழு.

நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தார். இருபத்தேழேதான்.

சாருலதா தலை கலைந்து, புடவை நனைந்து, இன்னும் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கையே விட்டுப் போச்சு. போன் அடிச்சது, விட்டுட்டு எழுந்துக்கப் பயமா இருந்தது."

"சாரு, இவ்வளவு ஐஸ் ஏது?"

"மீன்காரி தேசம்மா குடுத்தாள். மத்தியானம் நான் ஐஸுக்கு அலையறதைப் படியில பாத்தாள். வாசல்லயே நிக்கறேன்னா, நாந்தான் உள்ள வரச் சொன்னேன். கூடையில இருந்த ஐஸ் பூராவையும் அவளே வாரிக் கவர்ல கட்டினாள். கோணி நனைச்சுச் சுத்தினதும் அவதான்."

ஸ்ரீவத்சன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு வேற ஐஸ்..."

"ஏது? குப்பத்துக்கு ஐஸ் வண்டி விடியக்காலை ஒரு தரம்தான் வருமாம். எனக்கே மனசு கேக்கலை. உன் மீன் கெட்டுப் போயிடுமேடின்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"'என்னுது செத்த மீனும்மா. உன்னுது உசுரோட கீது, மொதல்ல அத்தப் பாரு'ன்னா."