தூணோரத்து மேசை

ஷாப்பிங் மாலின் இரண்டாம் மாடி ஓட்டலில், மகள் ஜெர்லினுக்குப் பார்த்திருந்த பையனைத் தூணோரமாக உட்கார்ந்து யாகப்பனும் ஹெலனும் நோட்டம் விட்டார்கள்.

“ஏனுங்க, செவப்பா என்னமோ திங்கறான். சிக்கனா?”

“தவக்கால வெள்ளிக்கிழமையில கறி தொடுற சம்பந்தம் நமக்கு வேண்டாம்” என்றார் யாகப்பன், வாய் நிறையச் சோற்றோடு.

ஹெலன் சர்வரைக் கூப்பிட்டு மெல்ல விசாரித்தாள்.

“அது காளானுங்க. வாடிக்கையா வர்றவருதான், வெள்ளிக்கிழமை கறியே தொடமாட்டாருங்க.”

இருவருக்கும் நிம்மதி. அப்போது ஜெர்லின் போனில் வந்தாள்.

“அம்மா, தூணோரம் இருக்கறது உங்க அப்பா அம்மாவான்னு அவரு எனக்கு மெசேஜ்ல கேக்கறாரு. போட்டோவுல பாத்திருக்காரே.”

“ஆமான்னு சொல்லு சாமி!”

“சொல்லிட்டேன். இன்னைக்கு என்ன கிழமைன்னு உங்ககிட்டக் கேக்கச் சொல்றாரு.”

இருவரும் அப்போதுதான் குனிந்து தங்கள் தட்டைப் பார்த்தார்கள். மட்டன் பிரியாணியில் எலும்பு மட்டும்தான் மிச்சம்.