வள்ளக்காரனுக்குக் குரல்

"இருங்கோ, இருங்கோ! வாயை மூடுங்கோ! எடேய் கனிசியஸ், காலை மடக்கு, பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். மண்ணெண்ணை முடிய முந்திப் படம் முடிய வேணும்!"

குருநகரிலை கரண்ட் இல்லாத காலம். வாடகை வீடியோ டெக், வாடகை ஜெனரேற்றர். ரீவிக்குப் பக்கத்திலை மைக்கோடை நான்.

படம் இந்தோனேசியாப் படம். கப்பல்லை வேலை செய்யிற லியோன் கொண்டு வந்த ஒரே கசெற், ஒவ்வொரு இரவும் அதுதான் ஓடும். ஒருத்தருக்கும் பாசை விளங்காது, ஆனா அடி விளங்கும். முழங்கையாலை ஒரு இடி, பல்லுப் பறக்கும். கத்தியாலை ஒரு கீறு, சுவரெல்லாம் சிவப்பு.

சத்தத்தைக் குறைச்சுப்போட்டு நான்தான் தமிழ் குடுக்கிறது. எல்லாம் எங்கடை ஊர் ஆக்களின்ரை குரல், நான் அப்பிடியே பிடிச்சுக் கதைப்பன். வில்லன் வாயைத் திறந்தா மீன் சந்தைக் கத்தரீனா அக்கா ஏசுவா. கதாநாயகனைக் காப்பாத்திற வள்ளக்காரனுக்குச் சிமியோன் அண்ணை. கரகரத்த குரல், ரெண்டு சொல்லுக்கு ஒரு இருமல். கடைசியிலை அந்த வள்ளக்காரனையும் வெட்டிப்போடுவாங்கள்.

படம் முடிஞ்சா கேற்றடியிலை விமர்சனம். கோயில் மூப்பர் செபநாயகம்தான் பெரிய ஆள்.

"இது படமே? இறைச்சிக்கடை! பொலிசுக்காரனை ஏன் இடக்காலாலை உதைக்கிறான்? வலக்காலெல்லோ கிட்ட இருந்தது!"

"மூப்பர், கண்ணை மூடிக்கொண்டே பாத்தனியள்?" எண்டன். எல்லாரும் சிரிச்சினம்.

அவருக்குக் கோவம். மூலையைக் காட்டினார்.

"என்னை விடு. உவளைப் பார். ஒவ்வொரு நாளும் வந்து குந்துறாள்."

லூர்த்தம்மா அக்கா. சிமியோன் அண்ணையின்ரை மனுசி. அண்ணை கடலுக்குத் தொழிலுக்குப் போய் ஆறு மாசம். வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. அக்காவோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. என்னத்தைக் கதைக்கிறது? செத்தவீடெண்டு போய் அழவும் ஏலாது, ஒண்டுமில்லையெண்டு போய்ச் சிரிக்கவும் ஏலாது. அக்கா கறுப்பும் உடுக்கேல்லை.

"பிள்ளை, வீட்டிலை இருந்து செபமாலை சொல்லாமல், ரத்தம் பாக்க வாறியோ?" எண்டார் மூப்பர்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு தனிய நடந்து போனா.

மூப்பர் என்ரை பக்கம் திரும்பினார்.

"உனக்கும் நெஞ்சிலை ஈரம் இல்லையோடா? பெண்டாட்டி இருக்க, புருசன்ரை குரலிலை ஒருத்தனைச் சாக்காட்டிறாய். அவள் அந்த நேரம் முழுக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறாள். நான் பாத்தனான்."

எனக்குச் சுருக்கெண்டது. நான் உதை யோசிக்கவே இல்லை.

"மாத்திறன் மூப்பர்," எண்டன்.

அடுத்த நாள் வள்ளக்காரன் திரையிலை வந்தான். மூப்பரின்ரை மூக்குக் குரலைக் குடுத்தன்.

"பிள்ளையள், ஆதிப்பாவம் எல்லாத்தையும் கரையிலை வைச்சுப்போட்டு வள்ளத்திலை ஏறுங்கோ!"

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மூப்பர்கூடச் சிரிச்சார்.

லூர்த்தம்மா அக்கா கண்ணைத் திறந்தா. ரீவியைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தா. வள்ளக்காரன் திரும்பவும் கதைச்சான், திரும்பவும் மூக்குக் குரல். அக்கா எழும்பினா.

"வெட்டிற கட்டம் இன்னும் வரேல்லை அக்கா, இருங்கோ," எண்டன். "இண்டைக்கு உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. குரலை மாத்திப்போட்டன்."

"அதெல்லாம் உனக்காகத்தான் பிள்ளை," எண்டார் மூப்பர்.

அக்கா வாசல்லை நிண்டா. அவ கதைச்சு நாங்கள் கேட்டு எவ்வளவு நாள்.

"இவ்வளவு நாளும் வெட்டுப்பட்டாலும் அந்த மனுசன் அடுத்த நாள் வந்து கதைச்சுது. இண்டைக்கு ஒரு கத்தியும் இல்லாமல் நீங்கள் ரெண்டு பேரும் அந்தாளைச் சாக்காட்டிப்போட்டியள்."